மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் சட்ட ஆய்வாளர் பணி: சேரலாமா?

தாமிரபரணிக்கரை வழக்கறிஞர் (கேள்வி)

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பை முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்து வருகிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் மின்சார வழக்குகள்தாம். நூற்பாலைக்கு வந்த நிலுவைக் கோரிக்கை, அனுமதியற்ற மின் பயன்பாட்டுக்காக மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்கீழ் போடப்பட்ட மதிப்பீட்டு ஆணை, காற்றாலை உரிமையாளருக்குச் சரிக்கட்டப்படாத யூனிட்டுகள் என்று ரிட் மனுக்களாகத் தாக்கல் செய்வோம். அதற்கென்று தனி மன்றம் இருக்கிறது என்ற ஒரு வரியில் அவற்றில் பல திரும்பிவிடும். அந்தத் தனி மன்றங்களில் என்னதான் நடக்கிறது என்று அறியும் ஆவலில்தான் மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைகளையும், டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தீர்ப்புகளையும் படிக்கத் தொடங்கினேன்.

இப்போது அத்தீர்ப்பாயத்தில் உறுப்பினர் ஒருவரிடம் சட்ட ஆய்வாளராகச் சேர விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். உயர்நீதிமன்ற நீதிபதிகளிடம் அப்படிப் பணியாற்றிய தோழிகள் எனக்கு உண்டு. அவர்களுடைய வேலை எப்படிப்பட்டது என்பது ஓரளவு தெரியும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அட்டவணையாக இருக்கும் கட்டண வழக்குகளில், பிளஸ் டூவோடு கணக்கை விட்ட ஒருவர் நீதிபதிக்கு எந்த வகையில் உதவ முடியும்? அன்றாட வேலை என்ன? வழக்கறிஞர் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டியிருக்குமா, உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு இந்தக் காலம் கணக்கில் வருமா என்ற கவலையும் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தை மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருக்கிறார். இது தடையாகுமா?

லோதி ரோடு முன்னாள்

வணக்கம். அத்தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினர் ஒருவரிடம் ஒன்றரை ஆண்டு சட்ட ஆய்வாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வழக்குகளின் விவரம் எதையும் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டுப்பாடு பணியை விட்ட பிறகும் தொடர்வது என்பதை முதலிலேயே மனத்தில் வையுங்கள்.

முதலில் அந்த மன்றத்தின் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்படி, மாநில ஆணையமோ மத்திய ஆணையமோ பிறப்பித்த ஆணையால் பாதிக்கப்பட்டவர் 45 நாட்களுக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே 125-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவில் சொல்லியிருக்கும் காரணங்களுக்காக மட்டுமே, அதாவது முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே போக முடியும். ஆகவே, ஒரு மின் நிலையத்தின் செலவில் எவ்வளவு ஏற்கத்தக்கது, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பன போன்ற உண்மைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் கடைசி வார்த்தை தீர்ப்பாயத்தினுடையதே. ஆய்வாளர் அட்டவணையில் ஒரு வரியைத் தவறவிட்டால், அதைப் பிறகு பிடித்துக் கொடுக்க மேலே ஆள் இல்லை. உயர்நீதிமன்றத்தில் பணியாற்றிய உங்கள் தோழிகளின் வேலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடாக நான் கருதுவது இதைத்தான்.

அன்றாட வேலையில் பெரும்பகுதி, மறுநாள் பட்டியலில் வரும் வழக்குகளுக்குக் குறிப்பு எழுதுவது. மேல்முறையீடு காலத்துக்குள் வந்திருக்கிறதா, இல்லையென்றால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லா மன்றங்களுக்கும் பொது. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது இத்துறைக்கே உரியது: மேல்முறையீட்டாளர் குறை சொல்வது ஆணையம் விதியைப் பயன்படுத்திய முறையையா, அல்லது அந்த விதியையேயா? ஆணையம் 178 அல்லது 181-ஆவது பிரிவின்கீழ் இயற்றிய ஒழுங்குமுறை விதிகள் செல்லுமா என்று தீர்ப்பாயம் ஆராய முடியாது, அது உயர்நீதிமன்றத்தின் வேலை என்று 2010-இல் பி.டி.சி. இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. ஆனாலும் மனுக்களில் இரண்டும் பின்னிப் பிணைந்துதான் வரும். "விதி நியாயமற்றது, எனவே எனக்குப் பொருந்தாது" என்று எழுதியிருப்பார்கள். அந்த முடிச்சை அவிழ்த்து, எந்தப் பத்தி எந்தப் பக்கம் விழுகிறது என்று நீதிபதிக்குக் காட்டுவது நல்ல ஆய்வாளரின் வேலை.

பிறகுதான் எண்கள். கணக்கு தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். கூட்டல், கழித்தல், விழுக்காடு ஆகிய மூன்றுக்கு மேல் எனக்கும் தேவைப்பட்டதில்லை, தேவைப்பட்டது பொறுமை. நான் சேர்ந்த இரண்டாவது மாதத்தில், ஒரு விநியோக நிறுவனம் தன் பராமரிப்புச் செலவில் பெரும்பகுதியை ஆணையம் காரணமே சொல்லாமல் வெட்டிவிட்டதாக வாதிட்ட வழக்கு ஒன்று வந்தது. மனுவிலும் ஆணையிலும் இருந்த அட்டவணைகளைப் பக்கம் பக்கமாக வைத்து இரண்டு நாள் பார்த்தேன். எந்த எண்ணும் பொருந்தவில்லை. மூன்றாம் நாள்தான் விளங்கியது: மனுவின் அட்டவணை லட்சத்தில், ஆணையின் அட்டவணை கோடியில், அதோடு மனுவில் இருந்தது ஆணையில் இருந்ததற்கு முந்தைய நிதியாண்டு. உண்மையான வெட்டு அவர்கள் சொன்னதில் கால் பங்குகூட இல்லை. அதற்கான காரணமும் ஆணையின் வேறோர் அத்தியாயத்தில் இருந்தது. அதை அரைப் பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கேட்பில் உறுப்பினர் கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் அட்டவணை எந்த ஆண்டுக்குரியது?" என்பதுதான். மூத்த வழக்கறிஞர் தம் ஜூனியரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஜூனியரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. பாவம், அவரிடமும் அந்தப் பதில் இல்லை.

தீர்ப்பை நீங்கள் எழுத மாட்டீர்கள். வழக்கின் வரலாறு, தரப்புகளின் வாதம், மேற்கோள் காட்டப்பட்ட தீர்ப்புகளின் சாரம் ஆகியவற்றை வரைவாகக் கொடுப்பீர்கள். முடிவும் அதற்கான காரணமும் அமர்வுக்கு உரியவை. ஒவ்வோர் அமர்விலும் குறைந்தது ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு தொழில்நுட்ப உறுப்பினரும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நீதித்துறை உறுப்பினரிடம் இருந்தால் வரைவின் ஒழுங்கைக் கற்பீர்கள்; தொழில்நுட்ப உறுப்பினரிடம் இருந்தால், ஒரு எண் ஏன் அப்படி இருக்கிறது என்பதைக் கற்பீர்கள். என்னைக் கேட்டால், சட்டம் படித்தவர் தொழில்நுட்ப உறுப்பினரிடம் சேர்வதே லாபம். நான் அதைச் செய்யவில்லை என்ற வருத்தம் உண்டு.

தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். முழுநேரச் சம்பளப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49-ஆவது விதி. ஆகவே பதிவை நிறுத்தி வைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டே சேர வேண்டும். நீதிபதி தேர்வைப் பொறுத்தவரை, 2025 மே மாதத்தில் மூன்றாண்டுத் தொழில் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்றம், நீதிபதிகளிடமோ நீதித்துறை அலுவலர்களிடமோ சட்ட உதவியாளராக இருந்த காலத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அந்தச் சொற்றொடரில் தீர்ப்பாய உறுப்பினர் என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு இன்னும் ஓராண்டுதான் குறைகிறது என்றால், அதை நீதிமன்றத்திலேயே முடித்துவிட்டு டெல்லிக்கு ரயிலேறுவது பாதுகாப்பானது.

ஓய்வுபெற்ற பொறியாளர், கட்டணப் பிரிவு

நான் சட்டம் படித்தவன் அல்லன். மாநில ஆணையத்திலும் தீர்ப்பாயத்திலும் எங்கள் வழக்கறிஞருக்குப் பின்னால் கோப்புக் கட்டோடு உட்கார்ந்து, அவர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தவன். மேலே எழுதிய தம்பியின் கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் கூட்டலும் கழித்தலும் போதும் என்பதை ஏற்க முடியவில்லை. எந்த எண்ணைக் கூட்டுவது என்று தெரிய வேண்டும் அம்மா, அதுதான் கடினம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் அனல் மின் நிலையம் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க 2,400 கிலோ கலோரி வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். நிலக்கரியின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 3,600 என்றால், யூனிட்டுக்கு 0.667 கிலோ நிலக்கரி போதும். அதே நிலக்கரிக்கு 3,300 என்று கணக்கிட்டால் 0.727 கிலோ வேண்டும். வேறுபாடு வெறும் 60 கிராம்தான். ஆனால் ஆண்டுக்கு 100 கோடி யூனிட் என்றால் அது 60,000 டன்னுக்கு மேல் வருகிறது. அந்தப் பணத்தை நுகர்வோர் கொடுப்பதா, நிலையம் தாங்குவதா என்பதே வழக்கு. நிலக்கரியின் மதிப்பைச் சுரங்கத்தில் பில் போடும்போது அளப்பதா, நிலையத்தில் வந்து இறங்கும்போது அளப்பதா என்ற ஒரு கேள்விக்காக எத்தனை நாள் வாதம் நடந்திருக்கிறது தெரியுமா? மனுவில் அது ஒற்றை வரியாகத்தான் இருக்கும். அந்த வரியில் நின்று கேள்வி கேட்கத் தெரிந்தவரே நீதிபதிக்கு உதவுவார்.

நம் மாநிலத்து வழக்கு ஒன்றைப் படிக்கச் சொல்வேன். சூரிய மின் நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி மாநில மின்சுமை பகிர்ந்தளிப்பு மையம் உத்தரவிட்டது தொடர்பாக, தேசிய சூரிய மின்சக்திக் கூட்டமைப்பு தொடுத்த மேல்முறையீட்டில் 2021 ஆகஸ்ட் 2-ஆம் நாள் வந்த தீர்ப்பு அது. மின் தொகுப்பின் பாதுகாப்புக்காகக் குறைத்தோம் என்பது ஒரு தரப்பு. பாதுகாப்பு என்பது சாக்கு, விலை குறைந்த மின்சாரத்தை வாங்குவதற்காகக் குறைத்தார்கள் என்பது மறு தரப்பு. இதை எந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியும் தீர்க்க முடியாது. குறைக்கச் சொன்ன அந்த அந்த நேரத்தில் அதிர்வெண் எவ்வளவு இருந்தது, அனுமதிக்கப்பட்ட 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரம்புக்குள் இருந்ததா, மாநிலம் தனக்கு முன்கூட்டித் திட்டமிட்ட அளவுக்கு மேல் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்ததா, கீழே எடுத்துக்கொண்டிருந்ததா என்று பதிவுகளைப் பார்க்க வேண்டும். தேசிய மின்சுமை மையத்தை நடத்தும், அப்போது போசோகோ என்ற பெயரில் இருந்த நிறுவனத்தின் ஆய்வை வாங்கிப் பார்த்த தீர்ப்பாயம், பெரும்பாலான உத்தரவுகள் தொகுப்பின் பாதுகாப்புக்காக இல்லை என்று முடிவு கட்டி இழப்பீடும் வழங்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை; கட்டுப்பாட்டு அறையில் இருப்பவனின் அச்சம் பதிவேட்டில் ஏறாது என்பது என் கட்சி. ஆனால் பதிவுகளை அவர்கள் படித்த விதத்தில் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, 2011 நவம்பர் 11-ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட, ஓ.பி. 1/2011 என்று எல்லோரும் குறிப்பிடும் ஆணை. அப்போது தீர்ப்பாயத்தின் தலைவர் நம் ஊர்க்காரரான நீதியரசர் மு. கற்பக விநாயகம். ஆண்டுதோறும் கட்டணத்தை நிர்ணயிக்காமல் மாநிலங்கள் காலம் கடத்துவதைப் பற்றி மத்திய மின் அமைச்சகம் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, நிறுவனங்கள் கணக்கைத் தராவிட்டால் ஆணையங்கள் தாமாகவே நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்று 121-ஆவது பிரிவின்கீழ் உத்தரவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2003-க்குப் பிறகு 2010-இல்தான் அடுத்த கட்டண ஆணை வந்தது என்பதை நினைத்தால், அந்த உத்தரவின் தேவை புரியும். அதற்குப் பிறகும் 2014 டிசம்பரை அடுத்து 2022 செப்டம்பரில்தான் கட்டண உயர்வு வந்தது என்பதையும் நினைத்தால், உத்தரவு ஒன்று, நடப்பு ஒன்று என்பதும் புரியும். அந்த இடைவெளியில் சேர்ந்த கடன் சும்மா போகவில்லை. பின்னால் வசூலிக்க வேண்டிய தொகையாகக் கணக்குப் புத்தகங்களில் ஏறி நின்றது. நாடெங்கும் அப்படி நிற்கும் தொகைகளைக் கரைப்பதைக் கண்காணிக்குமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்துக்கே சொல்லியிருக்கிறது. நீங்கள் சேர்ந்தால் இந்தக் கோப்புகள்தாம் மேசைமேல் இருக்கும்.

பொட்டோமாக் கரைவாசி

அமெரிக்காவில் இதே வேலை எப்படி இருக்கிறது என்பதையும் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எண்ணுகிறேன். வாஷிங்டனில் உள்ள மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தில், ஐந்து ஆணையர்களுக்குக் கீழே நிர்வாகச் சட்ட நீதிபதிகள் என்று ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். மாநிலங்களுக்கு இடையிலான மின்சார மொத்த விற்பனை, மின் தடம், எரிவாயுக் குழாய் ஆகியவற்றின் கட்டணம் நியாயமானதா என்ற வழக்கில் உண்மைகள் குறித்துத் தகராறு வந்தால், ஆணையர்கள் அதை விசாரணைக்காக இவர்களிடம் அனுப்புவார்கள். இங்கே சட்ட உதவியாளராக இருக்கும் நண்பர் ஒருவரின் வேலையை அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் தீர்ப்பாயம் மேலே இருந்து கீழே பார்க்கிறது. இவர்கள் கீழே இருந்து மேலே அனுப்புகிறார்கள். நிபுணர்களின் சாட்சியம் முன்கூட்டியே எழுத்தில் வந்துவிடும். விசாரணை மன்றத்தில் நடப்பது பெரும்பாலும் குறுக்கு விசாரணைதான். முடிவில் நீதிபதி எழுதுவது தொடக்கத் தீர்ப்பு மட்டுமே. அதை எதிர்த்துத் தரப்புகள் ஆட்சேப மனு கொடுக்க, ஆணையர்கள் ஏற்கலாம், மாற்றலாம், தள்ளலாம். ஆகவே உதவியாளரின் கவலை முழுவதும் ஆவணத்தொகுதியைப் பற்றியது: நீதிபதி சொல்லும் ஒவ்வொரு உண்மைக்கும் எந்தச் சாட்சியத்தின் எந்தப் பக்கம், எந்த வரி என்று அடிக்குறிப்பு இருந்தாக வேண்டும். பங்கு முதலீட்டுக்கு எத்தனை விழுக்காடு வருவாய் என்பதைப் பற்றி நான்கு நிபுணர்கள் நான்கு மாதிரிகளோடு வருவார்கள். ஒப்பீட்டுக்கு எந்த நிறுவனங்களைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதிலேயே முடிவு பாதி அடங்கிவிடும் என்பார் நண்பர்.

ஒன்று மட்டும் என்னை வியக்க வைத்தது. ஆணையத்தின் ஊழியர்களே விசாரணையில் ஒரு தரப்பாக நின்று வாதிடுவார்கள். அவர்களும் நீதிபதியும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி மற்றத் தரப்புகள் அறியாமல் அவர்களோடு ஒரு சொல்லும் பேசக் கூடாது என்ற விதி உதவியாளருக்கும் பொருந்தும். மின்தூக்கியில் அவர்களைச் சந்தித்தால் நண்பர் வானிலையைப் பற்றி மட்டுமே பேசுவாராம்.

தாமிரபரணிக்கரை வழக்கறிஞர்

அனைவருக்கும் நன்றி. ஐயா குறிப்பிட்ட 2021 தீர்ப்பைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன். 2022-இல், நான் கல்லூரியில் இருந்தபோது, ஆணையத்தில் சட்ட உறுப்பினர் இல்லை என்பதால் கட்டண ஆணை பிறப்பிக்கக் கூடாது என்று மதுரையில் தனி நீதிபதி தடுத்ததும், பிறகு இரு நீதிபதிகள் அமர்வு வழிவிட்டதும் நினைவுக்கு வந்தன. சட்டம் அறிந்த உறுப்பினர் ஆணையத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அப்போதுதான் முதலில் படித்தேன். என் தந்தையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை.

லோதி ரோடு முன்னாள்

மன்னிக்கவும், விட்டுவிட்டேன். தடையாகாது, ஆனால் மறைக்கக் கூடாது. விண்ணப்பத்திலேயே எழுதுங்கள், நேர்காணலில் வாய்விட்டும் சொல்லுங்கள். தமிழ்நாட்டு விநியோக நிறுவனம் தரப்பாக உள்ள கோப்புகளை உங்களிடம் தராமல் வேறு ஆய்வாளரிடம் தருவார்கள், அவ்வளவுதான். அத்தகைய கோப்பு தவறி உங்கள் மேசைக்கு வந்தாலும், பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததைக் குறித்து வையுங்கள். வீட்டில் இரவு உணவின்போது அப்பா இயல்பாக, "எங்கள் கேஸ் எப்போது வருகிறது?" என்று கேட்பார். "பட்டியல் இணையத்தில் இருக்கிறது அப்பா" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் சீனியர் நடத்திய வழக்குகளுக்கும் இதே முறைதான்.

தாமிரபரணிக்கரை வழக்கறிஞர்

நன்றி. ஓராண்டு மதுரையிலேயே இருந்துவிட்டு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அதுவரை வாரம் ஒரு கட்டண ஆணை படிப்பதாகத் திட்டம். நேற்றிரவு ஒன்றைத் திறந்தேன். ஒரே நிதியாண்டின் மின் கொள்முதல் செலவுக்கு ஓர் அட்டவணையில் ஓர் எண்ணும், இருபது பக்கம் தள்ளி வேறோர் எண்ணும் இருக்கின்றன. இரண்டுமே கோடியில்தான், ஆண்டும் ஒன்றுதான், பார்த்துவிட்டேன். எதை நம்புவது?

ஓய்வுபெற்ற பொறியாளர், கட்டணப் பிரிவு

இரண்டையும் நம்பலாம் அம்மா. ஒன்று, ஆண்டு தொடங்குமுன் ஆணையம் உத்தேசமாக ஒப்புக்கொண்டது. மற்றது, ஆண்டு முடிந்தபின் தணிக்கை செய்த கணக்கில் உள்ளபடி நிறுவனம் கேட்டது. மெய்யான செலவைச் சரிபார்க்கும் ட்ரூ-அப்பில் ஆணையம் கடைசியாக எவ்வளவு ஏற்றது என்று மூன்றாவது எண் ஒன்று இருக்கும். மேல்முறையீடு வருவது அந்த எண்ணை எதிர்த்துத்தான். "ஆணையத்தின் பரிசீலனை" என்ற தலைப்புக்குக் கீழே, பத்திகளுக்கு நடுவே தேடிப் பாருங்கள்.